வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்: ஊர் தன் பாடசாலைக்குள் நுழையும் வழிகள்

கொழும்பின் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் இரண்டு, துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையும் காலி வீதியை ஒட்டிய வெள்ளவத்தையும். ஒன்று கொழும்பு 13, மற்றது கொழும்பு 6. இரண்டும் ஒரே மாநகர சபைக்குள், ஒரே கல்வி வலயத்துக்குள் இருக்கின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நாளில் இரு பகுதிப் பிள்ளைகளும் ஒரே வினாத்தாளைத்தான் புரட்டுகிறார்கள். ஆனால் தம் பாடசாலைகளோடு இந்த இரு பகுதிகளும் கொண்டுள்ள உறவு ஒன்றுபோல் அமையவில்லை. கொட்டாஞ்சேனையில் பாடசாலை வீட்டுக்கு அருகில் இருக்கிறது. வெள்ளவத்தையில் அது பலருக்குப் பயணத்தின் முடிவில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் பள்ளி மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்கொண்டது. வெள்ளவத்தையின் மரபு இருபதாம் நூற்றாண்டில் முளைத்தது.

இரண்டையும் அருகருகே வைப்பதற்கு ஒரு நோக்கம் உண்டு. இடைநிலைப் பாடசாலையில் மாணவர் அடைவு உயர வேண்டுமானால் சமூகம் பங்கேற்க வேண்டும் என்று சுற்றறிக்கைகளும் மேடைகளும் ஓயாது சொல்கின்றன. அது உண்மையா? உண்மையென்றால், எந்த வழியால் நுழையும் சமூகம் பிள்ளையின் கற்றலைத் தொடுகிறது? இவ்விரு பகுதிகளும் அந்தக் கேள்விக்கு இரு வேறு அனுபவங்களை நம் முன் வைக்கின்றன. இரண்டையும் நிதானமாக எடைபோட்டால், எதிர்பாராத ஓர் உறவும் புலப்படும்.

சங்கங்கள் கட்டிய பள்ளிகள்

கொட்டாஞ்சேனையில் முதலில் வந்தது கத்தோலிக்கப் பணி. புனித பெனடிக்ட் கல்லூரி 1865இலும் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை 1869இலும் தொடங்கின. புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றி ஒரு பள்ளி வட்டாரமே உருவாயிற்று. அதன்பின் சைவர்களின் முறை வந்தது. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். 1902இல் அவர் மறைந்த ஆண்டிலேயே கொழும்பு விவேகானந்த சபை தோன்றியது. அந்தச் சபை 1926இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய விவேகானந்தா கல்லூரி. அது நிற்கும் மேட்டுக்கும் விவேகானந்த மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளவத்தையில் கதை பிந்தித் தொடங்குகிறது. அரசாங்க உத்தியோகமும் வணிகமும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைத் தெற்குக் கொழும்புக்கு இழுத்தபோது, அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் ஒரு பள்ளி தேவைப்பட்டது. சைவ மங்கையர் கழகம் அந்தத் தேவையை ஏற்றது. 1930களில் முளைத்த சைவ மங்கையர் வித்தியாலயம் இன்றும் உருத்திரா மாவத்தையில் நிற்கிறது. ஆண் பிள்ளைகளுக்கான முயற்சி அயலிலுள்ள பம்பலப்பிட்டியில் 1951இல் கைகூடியது. இந்து வித்தியா விருத்திச் சங்கம் பிள்ளையார் பாடசாலை என்ற பெயரில் தொடங்கிய சிறு பள்ளி பின்னர் கொழும்பு இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. கொட்டாஞ்சேனையின் சைவப் பள்ளி, மிஷன் பள்ளிகளுக்கு நடுவே தன் பிள்ளைகளுக்கு ஓர் இடம் தேடிய முயற்சி. வெள்ளவத்தையின் சைவப் பள்ளி, ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் புதிய நகரத்தில் தம்மை நிலைநாட்டிக்கொண்ட முயற்சி. முன்னது அயலாரைப் பார்த்து எழுந்தது. பின்னது பிரிந்துவந்த ஊரை நினைத்து எழுந்தது.

ஒற்றுமை அதைவிட ஆழமானது. இரு இடங்களிலும் சைவப் பள்ளியைத் தொடங்கியது அரசு அல்ல. ஒரு தனிச் செல்வந்தரின் பெயரும் அதன் வாசலில் இல்லை. சபை, கழகம், சங்கம் என்ற பெயர்களோடு கூடிய சாதாரண மனிதர்களே அதைத் தொடங்கினார்கள். இன்று நாம் சமூகப் பங்கேற்பு என்று சொல்வது அவர்களுக்குத் தனியாகப் பெயர் வைக்கத் தேவையில்லாத இயல்பான காரியமாக இருந்தது. பள்ளி தொடங்குவதும் அதை நடத்துவதும் ஒரே கூட்டத்தின் வேலையாக இருந்தன.

1960: பாதை பிரிந்த இடம்

அந்த இயல்பை மாற்றியது 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும். உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. மாற விரும்பாத சில பாடசாலைகள் அரச உதவி இல்லாமல் தனித்து நிற்கத் தெரிவு செய்தன. அப்படித் தெரிவு செய்தவற்றுக்குக் கட்டணம் வாங்கவும் தடை இருந்ததால், நன்கொடையே பல ஆண்டுகள் அவற்றைத் தாங்கியது.

இங்கே ஓர் அழகான சமச்சீர் தென்படுகிறது. கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா அரசுடன் சேர்ந்தது. பெனடிக்ட் கல்லூரியும் நல்லாயன் மடமும் தனித்து நின்றன. தெற்கில் இந்துக் கல்லூரி அரசுடன் சேர்ந்தது. சைவ மங்கையர் வித்தியாலயம் தன் கழகத்தோடு நின்றது. இரு பகுதிகளும் இரு வகைப் பாடசாலைகளையும் தமக்குள்ளோ அயலிலோ வைத்திருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் தனித்து நின்றவர்கள் கத்தோலிக்கர், வெள்ளவத்தையில் சைவப் பெண்கள் என்பது மட்டுமே வேறுபாடு. சமயம் வேறு, துணிவு ஒன்று.

இந்தப் பிரிவின் விளைவை இரு பக்கமும் சேர்த்து எடைபோட வேண்டும். அரசு ஏற்ற பாடசாலைக்கு ஆசிரியர் சம்பளம், பாடநூல், கட்டடம் என்று பெரும் பாரம் இறங்கியது. அது நியாயமான ஆறுதல். 1945இல் வேரூன்றிய இலவசக் கல்விக்கு அது வலுச் சேர்த்தது. பணமில்லாத பிள்ளைக்கும் உயர்தர வகுப்பு எட்டியது. ஆனால் அதே கணத்தில், பள்ளியை நடத்திய சமூகம் பள்ளிக்கு வரும் விருந்தினராகிவிட்டது. தனித்து நின்ற பாடசாலையில் சமூகம் வீட்டுக்காரராகவே நீடித்தது. ஆனால் அங்கே அதன் கவலை பெரும்பாலும் நிதியாகச் சுருங்கியது. ஒரு பக்கம் சமூகத்திடமிருந்து பொறுப்பு எடுக்கப்பட்டது. மறு பக்கம் சமூகத்தின் முழுக் கவனத்தையும் பொறுப்பின் பாரம் எடுத்துக்கொண்டது. இரண்டிலும் ஒரு கேள்வி ஓரத்தில் நின்றுவிட்டது: எட்டாம் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை இந்தத் தவணையில் என்ன கற்றது?

அருகும் தூரமும்

கொட்டாஞ்சேனையில் பாடசாலைகள் நடை தூரத்தில் நெருங்கி நிற்கின்றன. செட்டியார் தெரு நகைக்கடையிலோ துறைமுகத்திலோ வேலை செய்யும் தந்தையும், ஜிந்துப்பிட்டியில் வீடு நடத்தும் தாயும், பிள்ளையின் பள்ளி வாசலை அன்றாடம் கடந்து போகிறார்கள். மலையகத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களும், தலைமுறைகளாக இங்கே வாழும் குடும்பங்களும், முஸ்லிம், சிங்கள அயலவரும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். ஆசிரியரைக் காலையில் கடையில் காணலாம், மாலையில் கோவிலில் காணலாம்.

வெள்ளவத்தையில் காலை ஆறரைக்குப் பாடசாலை வான்கள் தொடர்மாடிகளின் கீழே வந்து நிற்கின்றன. ஒரே மாடியில் வசிக்கும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் நான்கு வேறு பாடசாலைகளுக்குப் போகலாம்: ஒருவர் உருத்திரா மாவத்தைக்கு, ஒருவர் பம்பலப்பிட்டிக்கு, ஒருவர் றோயல் கல்லூரியின் தமிழ்ப் பிரிவுக்கு, ஒருவர் டி.எஸ். சேனாநாயக்க கல்லூரிக்கு. தெரிவு அதிகம், ஆனால் அயலும் பள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. பெற்றோருக்கு ஆசிரியரைத் தெரியும் நாள், தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளாகவே பெரும்பாலும் இருக்கிறது.

அருகிருந்தால் பங்கேற்பு இயல்பாகும் என்று நாம் எதிர்பார்க்கலாம். இங்கே முதல் வியப்பு காத்திருக்கிறது. கொட்டாஞ்சேனைத் தந்தை பள்ளி வாசலைக் கடந்து போனாலும், கடை திறந்திருக்கும் நேரத்தில் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவர் வர முடிவதில்லை. வெள்ளவத்தைத் தந்தை கந்தோரில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம்; அவரும் வர முடிவதில்லை. ஒருவரைத் தடுப்பது கடையின் நேரம், மற்றவரைத் தடுப்பது தூரம். இருவருடைய இடத்திலும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் தாய்.

தேசிய அளவிலான சேர்க்கை விதிகளும் இரு பகுதிகளையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. முதலாம் தரச் சேர்க்கையில் பாதி இடங்கள் அண்மையில் வசிப்போருக்கும், கால்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படுவது கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளில் நிலைத்த நடைமுறை. பழைய மாணவர் பிரிவில், பாடசாலைக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் செய்த பணிகளுக்குப் புள்ளி உண்டு. நல்ல நோக்கமே. ஆனால் இதனால் பல பெற்றோருக்குப் பங்கேற்பு என்பது பிள்ளை பள்ளியில் நுழையும் முன் சேர்க்கும் புள்ளியாகிவிடுகிறது. பிள்ளை நுழைந்தபின், அதாவது கற்றல் தொடங்கும்போது, பங்கேற்பின் வேகம் தணிகிறது. வெள்ளவத்தையில் அண்மை வசிப்பிடத்துக்காகத் தொடர்மாடி வாங்கும் குடும்பமும், கொட்டாஞ்சேனையில் பழைய மாணவர் சங்க அங்கத்துவத்தைப் பேணிக் காக்கும் குடும்பமும் ஒரே விதியின் இரு முகங்கள்.

மாலை நேர உறவு

இரு பகுதிகளையும் எவ்வித ஐயமுமின்றி இணைப்பது ரியூஷன் வகுப்பு. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் பள்ளி விட்ட பின் சீருடைகள் புத்தகப் பையோடு ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு நகர்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் அதே காட்சிதான். வாசல்கள் குறுகலாக இருக்கலாம், கட்டணம் குறைவாக இருக்கலாம், வகுப்பு ஒன்றுதான். உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை ஆசிரியரின் பெயருக்கு முன் ரியூஷன் ஆசிரியரின் பெயர் நாவில் வரும்.

இதைக் குறை சொல்லி நகர்வது எளிது. காரணத்தைப் பார்ப்பதுதான் நேர்மை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது. கொழும்பு பின்தங்கிய மாவட்டமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே வெள்ளவத்தைப் பிள்ளையும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் நாட்டின் மிகப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே மாவட்டப் பட்டியலில், இசட் புள்ளியில், தோளோடு தோள் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அச்சம் உண்மையானது. அதற்குப் பெற்றோர் கண்ட மருந்து ரியூஷன்.

ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெளிவாகும் உண்மை இது: இரு பகுதிப் பெற்றோரும் பிள்ளையின் கற்றலில் பங்கேற்கத்தான் செய்கிறார்கள், பணத்தாலும் நேரத்தாலும். அந்தப் பங்கேற்பு பாடசாலையின் வாசலுக்கு வெளியே நடக்கிறது என்பதே சிக்கல். பாடசாலைக்குள் அவர்கள் கேட்கப்படுவது மண்டபத்துக்கும், பரிசளிப்பு விழாவுக்கும், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும். கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்காக அவர்கள் போவது வெளியே. தவறு அவர்களுடையதல்ல, கற்றல் பற்றிப் பேச அவர்களை உள்ளே அழைக்கும் வழி குறுகலாக இருக்கிறது.

ரியூஷனால் தப்ப முடியாத ஒரு குழுவும் உண்டு. சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் இல்லாவிட்டால் உயர்தரக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. கணிதத்தில் மட்டும் தவறிய பிள்ளைக்கும் இந்த விதி பெரும் தடையாகிறது. கட்டணம் கட்டும் வசதியில்லாத கொட்டாஞ்சேனைப் பிள்ளையும், வசதி இருந்தும் ஐம்பது பேர் வகுப்பில் கேள்வி கேட்கக் கூசும் வெள்ளவத்தைப் பிள்ளையும் இங்கே ஒரே வரியில் நிற்கிறார்கள்.

சான்றுகள் சொல்வது

சமூகம் உள்ளே வந்தால் கற்றல் உயருமா என்பதை இலங்கையே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. அதுவும் இரு முறைகளை அருகருகே வைத்து. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் அடங்கிய பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்குத் திட்டமிடும் அதிகாரம் கொடுத்தது. பாடசாலை அறிக்கை அட்டைத் திட்டம் வேறு வழி எடுத்தது. பாடசாலையின் நிலையைத் தகவலாக்கிப் பெற்றோர் கையில் கொடுத்தால் அவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று நம்பியது. ஒன்று அதிகாரத்தைப் பகிர்ந்தது. மற்றது தகவலைப் பகிர்ந்தது.

ஹர்ஷ அத்துருப்பான, போல் குளூவே உள்ளிட்ட ஆய்வாளர்கள் இரண்டையும் மதிப்பிட்டு 2014இல் வெளியிட்ட முடிவு சிந்திக்க வைப்பது. குழுவுக்கு அதிகாரம் தந்த திட்டத்தில், 4ஆம் தர மாணவரின் கணிதமும் ஆங்கிலமும் உயர்ந்தன, தாய்மொழி உயரவில்லை. அறிக்கை அட்டையால் எந்த மாற்றமும் இல்லை. நம் தலைப்புக்கு நேராக வரும் செய்தி இனித்தான்: 8ஆம் தரத்தில், எந்தப் பாடத்திலும், எந்தத் திட்டத்தாலும் மாற்றம் ஏற்படவில்லை.

4ஆம் தரத்தில் பலித்தது 8ஆம் தரத்தில் ஏன் பலிக்கவில்லை? என் கருத்தில், ஆரம்பப் பிரிவில் ஒரு வகுப்பாசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிக்கிறார். தாய்க்கு அவரைத் தெரியும், பாடமும் தாய்க்கு எட்டும். இடைநிலையில் பிள்ளைக்குப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர்; விஞ்ஞானமும் அட்சரகணிதமும் பல தாய்மாருக்கு எட்டாத தூரத்தில் போய்விடுகின்றன. கூட்டத்தில் உட்கார்ந்தாலும் அவர்கள் எதைப் பற்றிப் பேசுவது? ஆகவே பேச்சு மீண்டும் மண்டபத்துக்கும் மலசலகூடத்துக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் திரும்புகிறது. இவையெல்லாம் தேவையே, ஆனால் இவை மட்டும் பிள்ளையின் கணிதத்தைத் தொடுவதில்லை.

அயல்நாட்டு அனுபவம் இதே பாடத்தை வேறு கோணத்தில் உறுதி செய்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக் குழுவின் உரிமைகளை ஊர்க் கூட்டங்களில் எடுத்துச் சொன்னதும், பிள்ளைகளின் வாசிப்பு நிலையை ஊருக்குக் காட்டியதும் கற்றலை உயர்த்தவில்லை. ஆனால் பிரதம் என்ற தொண்டு அமைப்பு ஊர் இளைஞர்களுக்குச் சிறு பயிற்சி தந்து, அவர்கள் தாமே மாலை நேர வாசிப்பு வகுப்புகள் நடத்தியபோது, வந்த பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது.

தமிழ்நாட்டில் கொரோனாக் காலப் பள்ளி மூடலுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் அந்த வரிசையில் சேர்கிறது. தன்னார்வலர்கள் மாலையில் ஊருக்குள்ளேயே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். இழந்த கற்றல் மீண்டதில் ஏறத்தாழ கால்பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களையும் மறுசீரமைத்தது. அவற்றில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. குழுவும் தன்னார்வலரும் ஒரே நிலத்தில் இருக்க, பிள்ளைகளின் கற்றல் மீட்சியில் பங்கு அளந்து காட்டப்பட்டது தன்னார்வலர் வகுப்புக்கே.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெளிகிறது. சமூகம் தகவல் பெறுபவராக மட்டும் வந்தால் கற்றல் அசைவதில்லை. முடிவெடுப்பவராக வந்தால் சிறிது அசைகிறது, அதுவும் கீழ் வகுப்புகளில். கற்பிப்பவராக வந்தால் தெளிவாக அசைகிறது.

ஞாயிற்றுக்கிழமை எனும் வியப்பு

இனி நம் இரு பகுதிகளுக்குத் திரும்புவோம். கற்பிக்கும் சமூகம் கொழும்பில் புதிதாக உருவாக்கப்பட வேண்டுமா? இந்த ஒப்பீட்டின் மிக மகிழ்ச்சியான கண்டடைவு இங்கே இருக்கிறது.

ஞாயிறு காலையில் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனுக்குப் போய்ப் பாருங்கள். பல பாடசாலைகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதே காலையில் கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்புகள் நடக்கும். கோவில்களில் அறநெறி வகுப்புகள் நடக்கும். கற்பிப்பவர்கள் ஊதியம் கருதி வருபவர்கள் அல்லர்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், உயர்தரம் முடித்த இளையோர். அவர்களுக்கு வகுப்புப் பட்டியல் உண்டு, பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு. விவேகானந்த சபை நாடெங்கும் நடத்தும் சைவசமயப் பரீட்சை, ஒரு சங்கம் தானே வினாத்தாள் அமைத்துப் பல்லாயிரம் பிள்ளைகளைச் சோதிக்கும் பழைய மரபு.

வாரநாளில் வெளியில் நிற்கும் அதே சமூகம், ஞாயிறன்று வகுப்பில் நின்று கற்பிக்கிறது. வாரநாளில் நான்கு பாடசாலைகளுக்குப் பிரிந்த வெள்ளவத்தைப் பிள்ளைகள் ஞாயிறன்று ஓரிடத்தில் சேர்கிறார்கள். வாரநாளில் கூட்டத்துக்கு வர முடியாத கொட்டாஞ்சேனைத் தந்தை, ஞாயிறன்று மகனைக் கைபிடித்துக் கூட்டிவருகிறார். கத்தோலிக்க மறைக்கல்வியும் சைவ அறநெறியும் உள்ளடக்கத்தில் வெகு தூரம், அமைப்பில் உடன்பிறப்புகள். ஜோன்பூரில் பிரதம் அமைப்பு புதிதாகத் தோற்றுவிக்க வேண்டியிருந்ததை, கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் தாமே வளர்த்து வைத்திருக்கின்றன.

வேறு வளங்களும் இரு பக்கமும் உள்ளன. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் நூலகத்தோடு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிகாரிகளும் அருகிலேயே வசிக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் அண்மை இருக்கிறது. பிள்ளையும் பள்ளியும் ஆசிரியரும் ஒரே தெருவில் இருக்கும் அண்மையை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. வெள்ளவத்தைக்குப் பாட அறிவு அதிகம், நெருக்கம் குறைவு. கொட்டாஞ்சேனைக்கு நெருக்கம் அதிகம், மேல்வகுப்புப் பாடங்களுக்கு உதவக் கூடியவர்கள் குறைவு. ஒன்றின் குறை மற்றதன் நிறையாக அமைந்திருப்பது, இவ்விரு பகுதிகளையும் ஒப்பிடும் எவரையும் மகிழ்விக்கும்.

எடையின் முடிவு

இரண்டையும் நிறுத்துப் பார்த்தபின் ஒரு பகுதி மற்றதைவிட மேல் என்று சொல்ல இடமில்லை. பள்ளியைக் கட்டிய பெருமையில் இரண்டும் சமம். 1960க்குப் பின் சமூகம் விளிம்புக்குத் தள்ளப்பட்டதிலும் இரண்டும் சமம். ரியூஷனிடம் கற்றலை ஒப்படைத்ததிலும் சமம். ஞாயிற்றுக்கிழமையில் தன் உண்மையான பலத்தைக் காட்டுவதிலும் சமம். வேறுபாடு, அந்தப் பலம் எந்த வடிவில் கிடைக்கிறது என்பதில் மட்டுமே.

ஆகவே இடைநிலைப் பாடசாலைகளுக்கு என் தீர்ப்பு எளியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் விடயம் கற்றலாக இருக்கட்டும்: 6 முதல் 9 வரையான வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் தம் தமிழ்ப் பாடநூலைத் தடையின்றி வாசிக்கிறார்கள், எத்தனை பேர் பின்னங்களில் நின்றுபோயிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை முதலில் வரட்டும், மண்டபம் பின்னர் வரட்டும். கூட்டம் வேலை நாளின் நண்பகலில் கூட வேண்டாம். கடை மூடிய பின்னோ ஞாயிறு வகுப்பு முடிந்த பின்னோ கூடட்டும். 8ஆம், 9ஆம் வகுப்புகளில் கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, பள்ளி வளாகத்திலேயே, அதிபரின் அனுமதியோடும் பாட ஆசிரியரின் வழிகாட்டலோடும், பழைய மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இலவச மாலை வகுப்பு நடத்தட்டும். அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஞாயிறு வகுப்பில் அவர்கள் ஏற்கனவே நிற்கிறார்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் நிதியில் ஒரு பங்கை, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத வேலைகளுக்கு ஒதுக்குங்கள்: வாசிப்பு நூல்களுக்கும், கடந்தகால வினாத்தாள்களுக்கும், மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஒரு தேநீருக்கும் சிற்றுண்டிக்கும். வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மாலை கொட்டாஞ்சேனைக்குப் போகட்டும். கொட்டாஞ்சேனையின் இளைய தன்னார்வலர்கள், பெற்றோரோடு எப்படி நெருக்கமாக உழைப்பது என்பதை வெள்ளவத்தைக்குக் காட்டட்டும்.

விவேகானந்த சபையும் சைவ மங்கையர் கழகமும் இந்து வித்தியா விருத்திச் சங்கமும் பள்ளியைத் தொடங்கியபோது அரசின் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. இன்று பள்ளி கட்டும் வேலை நமக்கு இல்லை; அது முடிந்துவிட்டது. மீதமிருப்பது, அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் அருகில் வாரம் ஒரு மணி நேரம் உட்காருவது. இந்த வரிகளை வாசிக்கும் பழைய மாணவர் எவரும் அதை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.